கற்பிட்டியில் தொடங்கிய மரபு: சைமன் காசிச்செட்டியும் பாரிஸ்டர் குடும்பமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கைத் தமிழர் தலைமையின் வரலாறு பெரும்பாலும் ஒரு பாரிஸ்டர் குடும்பத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. லிங்கன்ஸ் இன் வழியே 1863இல் பாரிஸ்டரான முத்துக்குமாரசுவாமி 1874இல் நைட் பட்டம் பெற்றார். பாரோனெட் பட்டத்தைப் போல் அது மகனுக்கு இறங்கும் பட்டமன்று; 1879இல் அவர் மறைந்தபோது மகன் ஆனந்த குமாரசுவாமிக்கு இரண்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. ஆயினும் சகோதரியின் மக்களான இராமநாதனும் அருணாசலமும் சட்டத்திலும் அரசியலிலும் தலையெடுத்து, அவர்களும் நைட் பட்டம் பெற்றனர். பட்டம் இறங்காவிட்டாலும் செல்வாக்கு இறங்கியது. இந்தக் குடும்பத்தின் ஒளியில், புத்தளக் கரையிலிருந்து எழுந்த முன்னோடி ஒருவர் மங்கிப்போனார் என்பது என் வாதம்.

சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். முத்துக்குமாரசுவாமியின் தந்தை குமாரசுவாமி முதலியார் 1836இல் மறைந்த பின், சட்டசபையின் தமிழர் இடத்துக்கு 1838இல் நியமிக்கப்பட்டவர் இவரே. பின்னர் அரசாங்க சிவில் சேவையில் சேர்ந்து சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார். லண்டனில் சட்டம் பயின்றவரல்லர். இளமையில் புத்தளத்து நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகவும் பின் மணியகாரராகவும் இருந்ததே அவருடைய சட்டக் கல்வி.

அந்தக் கல்வியைக் குறைத்து மதிப்பிடலாகாது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் கரை அது. புத்தளத்து முக்குவருக்குத் தனி வழக்காற்றுச் சட்டமே இருந்தது. இத்தகைய ஊரில் சாட்சி சொல்வதை ஆங்கிலத்தில் தருபவர், உறவுமுறை, காணியுரிமை, ஊர்ப்பெயர் ஆகிய எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு சொல் தவறினால் ஒருவரின் உரிமை போய்விடும். 1834இல், இருபத்தேழு வயதில், அவர் வெளியிட்ட இலங்கை கெசட்டியர் இந்த அறிவின் விளைச்சல் என்றே கருதுகிறேன். இலங்கையின் ஊர்களை ஆங்கில அகரவரிசையில் விவரிக்கும் அந்நூலுக்கு, ஊரைக் கேட்டறியும் பழக்கம் இல்லாமல் ஒருவர் முனைந்திருக்க முடியாது.

அவரும் ஆளுநரின் நியமனத்தை நம்பியவர்தாமே, முதலியார் வகுப்பின் வசதிகளை நுகர்ந்தவர்தாமே என்று கேட்கலாம். உண்மை. குமாரசுவாமி குடும்பமும் முதலியார் பதவி வழியே எழுந்ததுதான். வேறுபாடு, தலைமுறைக்கு எது எஞ்சியது என்பதில் இருக்கிறது. அங்கே எஞ்சியது குருதிவழித் தலைமை. இங்கே எஞ்சியது நூல்வழி மரபு. அவர் மறைவதற்கு ஓராண்டு முன், 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான தமிழ் புளூட்டார்க், தமிழ்ப் புலவர் வாழ்க்கைகளை ஆங்கிலத்தில் தொகுத்தது. செவிவழிக் கதையும் காலக்குழப்பமும் அதில் உண்டு. 1946 மறுபதிப்புக்கு தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகள் தேவைப்பட்டன. எனினும் பிழை திருத்துவதற்குக்கூட முதலில் ஒரு தொகுப்பு வேண்டும். 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை பாவலர் சரித்திர தீபகத்தைத் தமிழில் எழுதப் புகுந்தபோது, கையில் எடுத்துக்கொள்ள அப்படியொரு நூல் இருந்தது.