கடும் ப்ரீ எக்லாம்ப்சியா: ‘ஆபரேஷன் ஏன் செய்யவில்லை’ என்பதற்கு முன் கேட்கவேண்டியது

பனியன் கம்பெனியில் வேலை செய்த பெண் பிரசவத்தில் இறந்தால், ‘உடனே ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பாளா?’ என்றே குடும்பத்தினர் எங்களிடம் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆனால் வழக்கு பெரும்பாலும் அதற்கு முந்தைய மணிநேரங்களில்தான் இருக்கிறது.

கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டி, சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ அது ப்ரீ எக்லாம்ப்சியா. அழுத்தம் 160/110ஐ எட்டுவதும், விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவையும் கடும் நிலையின் அடையாளங்கள். ஊர்ப் பேச்சில் ‘ஜன்னி’ எனப்படும் வலிப்பு எப்போதும் வரலாம். நஞ்சுக்கொடி வெளியேறினால்தான் நோய் தணியத் தொடங்கும்.

எனவே முதல் முடிவு காலத்தைப் பற்றியது. 34 வாரம் நிறைந்த கடும் நிலையில், தாயின் உடல்நிலையைச் சீராக்கிப் பிரசவத்துக்குக் கொண்டுசெல்வதே ஏற்கப்பட்ட நடைமுறை. அதற்கு முன்னரெனில், குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டுக் காத்திருக்கலாம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையில் மட்டுமே, வீட்டில் அன்று. வலிப்போ நஞ்சுக்கொடிப் பிரிவோ ஏற்பட்டால் வாரக் கணக்குக்கு இடமில்லை. உடனடிப் பிரசவம் தேவைப்படாத நிலையில், 34 முதல் 37 வாரத்துக்குள் இருந்த பெண்களிடம் இந்தியாவிலும் சாம்பியாவிலும் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2023இல் வெளியாயின. திட்டமிட்டு முன்கூட்டிப் பிரசவிக்கச் செய்தபோது குழந்தை வயிற்றிலேயே இறப்பது குறைந்தது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்ப்பது கூடவில்லை.

முறை அடுத்தது. கடும் நிலை என்பதே அறுவைக்குக் காரணமாகாது. இரத்தத் தட்டுகள் குறைந்த தாய்க்கு அறுவையே இரத்தப்போக்கு ஆபத்தைத் தரும். நாக்பூரில் 602 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வலியைத் தூண்டக் குறைந்த அளவு மிசோப்ரோஸ்டால் மாத்திரை பெற்றவர்களில் 57 விழுக்காட்டினர் 24 மணி நேரத்துக்குள் இயல்பாகப் பிரசவித்தனர். ஃபோலி குழாய் வைக்கப்பட்டவர்களில் 47 விழுக்காட்டினர். குழந்தை தவிக்கும்போதோ, கருப்பை வாய் கனியாமல் நிலைமை மோசமாகும்போதோ அறுவையே வழி.

இரண்டுக்கும் முன்னதாக வரவேண்டியது மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில் அது வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைத்தது. முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டு 108இல் ஏற்றலாம். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில்தான் திறக்கப்பட்டது. இன்றும் கோவைக்கு அனுப்பப்படும் பெண்ணுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவு. ஊசி போடாமல் அனுப்புவது சாதாரணத் தாமதமன்று.

நோய் மருத்துவமனையில் தொடங்குவதில்லை. பீஸ் ரேட்டில் ஓவர்லாக் தைப்பவருக்குப் பரிசோதனை நாள் என்பது கூலி இல்லாத நாள். ஒன்றரை ஷிஃப்ட் முடிவில் வரும் தலைவலியை அவர் வேலைக் களைப்பு என்றே எண்ணுவார். கர்ப்பத்தாலோ முன்கூட்டிய பிரசவத்தாலோ வரும் நோய்க்கு, 26 வார மகப்பேறு விடுப்புக்கு மேல் ஒரு மாதம் ஊதியத்துடன் விடுப்பு தரவேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஒப்பந்தக்காரரின் கீழ் பெயரே பதியப்படாத தலித் பெண்ணுக்கும் ஒடிசா, பீகார் பெண்ணுக்கும் அது ஏட்டில்தான்.

அவசர சிகிச்சை மறுப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என உச்ச நீதிமன்றம் 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் கூறியது. பேறுகாலச் சிகிச்சையும் அவ்வுறுப்பின் பகுதி என்றது லட்சுமி மண்டல் வழக்கில் 2010ஆம் ஆண்டின் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு. மாநிலம் விட்டு வந்தவருக்கும் அது பொருந்தும். பட்டியல் சாதி, பழங்குடியினரை மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைச் சட்டப்படி குற்றம். உள்ளே விட்டபின் காக்க வைப்பதைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. அந்த இடைவெளியை ஆவணங்களால்தான் நிரப்ப வேண்டும்.

மருத்துவக் குழுமத்தின் 2002 நெறிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேட்டின் நகலைத் தரவேண்டும். அழுத்தம் முதலில் 160ஐத் தொட்டது எத்தனை மணிக்கு, மெக்னீசியம் எப்போது, மூத்த மருத்துவர் பார்த்தது எப்போது, பிரசவ முடிவு எழுதப்பட்டது எப்போது என்பவற்றை அதில் தேடுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய இரண்டு நாள் பக்கங்களையும் சேர்த்தே கேளுங்கள். ஜன்னி அப்போதும் வரும்.