பங்காளியும் கடனாளியும்

வீராணம் ஏரிக்கு அருகே, காட்டுமன்னார்கோயிலை அடுத்து அமைந்த ஊர் லால்பேட்டை. ஏரி நிரம்பினால் மிகுநீர் வெள்ளியங்கால் ஓடை வழியே வெளியேறுவது அங்கேதான். அவ்வூரில் 1862-ஆம் ஆண்டில் தோன்றிய மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி இன்றும் நடைபெறுகிறது. வீட்டிலே தமிழ் பேசும் பிள்ளைகள், வகுப்பிலே அரபு நூல்களையும் இசுலாமியச் சட்டத்தையும் பயில்கின்றனர்.

பகுத்தறிவு ஏட்டிற்கும் அரபுக் கல்லூரிக்கும் என்ன தொடர்பு என்று தோழர்கள் புருவத்தை நெரிக்க வேண்டாம். நாம் மதம் பேச வரவில்லை. ஒரு சொல்லின் பொருளைத் தேடுகிறோம். தேடிய வழி லால்பேட்டை வழியாகப் போகிறது, அவ்வளவே!

‘சாலிடாரிட்டி’ என்பது அந்த ஆங்கிலச் சொல். அதனை ஒற்றுமை என்கிறோம், ஒருமைப்பாடு என்கிறோம், தோழமை என்றும் சொல்லுகிறோம். ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் மேடையிலே முழங்குவது ஒற்றுமை. மறுவாரம் அதே ஊரில் ஜாதிச் சங்க மாநாடு கூடினால், அங்கும் முழங்குவது ஒற்றுமையே! பந்தல் ஒன்று, ஒலிபெருக்கி ஒன்று, சொல்லும் ஒன்று. பொருளும் ஒன்றுதானா? ஒன்றேயாயின், ஜாதியை ஒழிக்கப் புறப்பட்ட நாம் எந்த ஒற்றுமையைக் கேட்கிறோம்?

இசுலாமியச் சட்டத்திலே பாகப்பிரிவினை ஒரு பெரும் பகுதி. இறந்தவர் சொத்தில் இன்னாருக்கு இவ்வளவு என்று வரையறுத்த பங்குகள் போக, எஞ்சியதைப் பெறுவோர்க்கு ‘அஸபா’ என்று பெயர். முதன்மையாக, தந்தைவழி ஆண் உறவினர் அவர்கள். நம் நாட்டு வழக்கிலே சொன்னால், பங்காளிகள். அச்சொல்லோடு ஒரே வேரிற் பிறந்தது ‘அஸப்’. தசைநார் என்பது அதன் பொருள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தச் சதைதான்!

அதே வேரிலிருந்து ‘அஸபிய்யா’ என்ற சொல்லை எடுத்து, ஒரு வரலாற்றுத் தத்துவத்தையே எழுப்பினார் இப்னு கல்தூன். 1332-இல் தூனிசில் பிறந்து, 1406-இல் கெய்ரோவில் மறைந்த அறிஞர் அவர். 1377-இல் எழுதிய முகத்திமா என்னும் நூலில், அரசுகள் எழுவதும் வீழ்வதும் ஆண்டவன் திருவிளையாடலால் என்று சொல்லி அமைந்துவிடாமல், மக்கட் கூட்டத்தின் உள்ளுணர்விலே காரணம் தேடினார். பாலைநிலக் குடியினரிடையே ஒருவனுக்கு இழுக்கு நேர்ந்தால் குடி முழுதும் கொதித்தெழும். அந்த உணர்வே படையாகிறது, படையே அரசாகிறது. அரசு கிடைத்ததும் சுகபோகம் வருகிறது, மூன்று தலைமுறைக்குள் உணர்வு தேய்ந்து, வேறொரு குடி வந்து வீழ்த்துகிறது. இது அவர் கண்ட முடிவு. இரத்த உறவு மட்டுமன்றி, அடைக்கலமும் உடன்படிக்கையுங்கூட அவ்வுணர்வை உண்டாக்கும் என்றும் அவர் எழுதினார். அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆங்கிலத்தில் பெயர்த்தோர் இச்சொல்லுக்குக் குழு உணர்வு என்றும், சாலிடாரிட்டி என்றும் எழுதினர். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நபிகள் நாயகமே அஸபிய்யாவைக் கண்டித்தார் என்பதை லால்பேட்டை மாணவர்கள் நம்மினும் நன்கறிவர். தன் கூட்டத்தார் அநீதி செய்யும்போதும் அவர்க்குத் துணை நிற்பதே அஸபிய்யா என்பது நபிமொழித் தொகுப்பு தரும் விளக்கம்.

இந்த விளக்கத்தை ஜாதிக்குப் பொருத்திப் பாருங்கள்! நம்மவன் என்றால் குற்றம் மறையும். அயலான் என்றால் குணமும் குற்றமாகும். சங்கம் வைப்பார்கள், மாணவர் விடுதி கட்டுவார்கள், ஏழைப் பெண்ணுக்குத் தாலிக்குப் பொன் தருவார்கள், மெய்தான். ஆனால் எல்லாம் பங்காளிகளுக்குள்ளே! பங்கு என்று வந்தபின் பங்கு பெறாதவன் என்று ஒருவன் வெளியே நின்றாக வேண்டுமன்றோ? சில வேளை அவன் வீட்டுக்குள்ளேயே நிற்பான், மகள் என்ற பெயரோடு. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்குண்டு என்று தமிழ்நாடு சட்டமியற்ற 1989 வரை ஆயிற்று.

லால்பேட்டைக்குக் கிழக்கே சிதம்பரம். நடராசர் கோயிலின் பொது தீட்சிதர்களைப்போல் கட்டுக்கோப்பான கூட்டம் காண்பது அரிது. தீட்சிதர் குடியிற் பிறந்தவன் மணம் முடித்ததும் பூசையிலும் நிர்வாகத்திலும் உரிமை பெறுகிறான். அரசு வைத்த செயல் அலுவலரை எதிர்த்து வழக்காடி, 2014 சனவரியில் உச்ச நீதிமன்றத்திலே வென்றும் காட்டினர். அந்த ஒற்றுமையை மெச்சலாம். நமக்கு மனத்தடை இல்லை. மெச்சிவிட்டு, நந்தன் வழிவந்த ஒருவன் அந்த ஒற்றுமைக்குள் நுழையக்கூடுமா என்றும் கேட்கலாம்.

இனி, சாலிடாரிட்டி பிறந்த வீட்டைப் பார்ப்போம். அது குடிப்பெருமையிற் பிறக்கவில்லை; கடன் சட்டத்திலே பிறந்தது! ‘சோலிடுஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு முழுமையானது, திண்ணியது என்று பொருள். ரோமானியச் சட்டத்தில் பலர் சேர்ந்து பட்ட கடனில் ஒருவகை உண்டு. கடன் கொடுத்தவன் அவர்களுள் எவனையும் பிடித்து முழுத்தொகையையும் கேட்கலாம். ‘என் பங்கு நூறு ரூபாய், அதைத் தந்துவிட்டேன், ஆளை விடு’ என்று ஒருவனும் நழுவ முடியாது. பிரெஞ்சுக்காரர் அதனை ‘சாலிடாரிட்டே’ என்றழைத்தனர். 1804-இல் நெப்போலியன் காலத்து உரிமையியற் சட்டத்திலும் இந்த ஏற்பாடு இடம்பெற்றது. பின்னர் 1840-இல், பியேர் லெரூ என்னும் பிரெஞ்சு சமதர்மவாதி அச்சொல்லை வக்கீல் மேசையிலிருந்து மக்கள் மன்றத்துக்குக் கொண்டுவந்தார். கிறித்தவம் போற்றிய தருமத்தின் இடத்திலே மனிதரின் பரஸ்பரப் பொறுப்பை வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். தருமம் கொடுப்பவன் மேலே நிற்கிறான், வாங்குபவன் கீழே நிற்கிறான். கூட்டுக் கடனிலோ அனைவரும் ஒரே பத்திரத்திலே கையெழுத்திட்டவர்கள். அந்தப் பத்தாண்டுகளில்தான் ஆங்கிலேயர் இச்சொல்லைக் கடன் வாங்கினர்.

இது நமக்குப் புதிதுமன்று. கடன் பத்திரம் எழுதிய எவரும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்ற வாசகத்தைப் படித்திருப்பர். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்வதும் அதுவே. பழந்தமிழில் ‘புணை’ என்றொரு சொல் உண்டு. தெப்பம் என்றும் பொருள், ஈடு என்றும் பொருள். வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில் ஒருவனைக் காக்கும் இனத்தைப் புணையாகவே கண்டார். தெப்பத்திலே ஏறியவன் தன் மூலையில் மட்டும் ஓட்டையில்லை என்று மகிழ முடியுமா?

ஆக, ஒன்று சொத்தில் பங்கு கேட்போர் உறவு. மற்றொன்று கடனைச் சுமப்போர் உறவு. நம் இயக்கம் கேட்டது இரண்டாவதையே என்பதற்கு வரலாறு சான்று. 1932 நவம்பரில் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், ஸ்ரீ, திருவாளர் முதலிய அடைமொழிகளை விடுத்துத் ‘தோழர்’ என்றே அழையுங்கள் என்று குடி அரசில் வேண்டினார். ஆங்கிலத்திலே ‘காமரேட்’ என்பதன் மூலம், ஓர் அறையில் உடனுறைபவன் என்று பொருள்படும் இசுபானியச் சொல். ஒரே தெருவில் நடப்பதற்கே தடையிருந்த நாட்டில், ஓரறைவாசி என்று பொருள்படும் சொல் எத்துணைத் துணிச்சலானது!

1938-இல் கட்டாய இந்தி வந்தது. சென்னைச் சட்டமன்றத்தில் முஸ்லிம் லீகைச் சார்ந்த கலிபுல்லா எழுந்து, தாம் ஒரு இராவுத்தர், தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்று பெருமையோடு அறிவித்தார். மதத்தின் பேரால் உருதுவின் பக்கம் ஒதுங்கிக்கொள்ள வழி இருந்தும் அவர் ஒதுங்கவில்லை. சிறை சென்றோருள் இருவர் 1939-இல் உயிர்நீத்தனர்: சனவரி 15-இல் தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர் நடராசன், மார்ச் 12-இல் நாடார் வகுப்பிற் பிறந்த கும்பகோணத்துத் தாளமுத்து. பங்காளி முறை பார்த்தால் ஒருவருக்கொருவர் யாருமல்லர்! 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. கடன் எல்லோருடையது; அதை முழுதாகக் கட்டியவர்கள் இருவர். 1965 சனவரி 27-இல், சிதம்பரத்தில் மாணவர் ஊர்வலத்தின்மீது துப்பாக்கி வெடித்தபோது, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரனும் அவ்வாறே கட்டினான். அவன் ஒரு காவலரின் மகன்.

ஆயினும் நம்மைநாமே தட்டிக்கொடுத்து நிறுத்துவது முறையன்று. லால்பேட்டைக்குப் பக்கத்து ஊரான காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்தவர் இளையபெருமாள். பள்ளியிலே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென வைத்த தனித் தண்ணீர்ப் பானையை மாணவப் பருவத்தில் உடைத்தவர் என்று அவர் வரலாறு கூறுகிறது. அந்தப் பானையை உடைக்கும் கடமை அதில் குடித்த பிள்ளைக்கு மட்டுந்தானா? மற்றப் பானையில் குடித்த பிள்ளைகளுக்கு இல்லையா? ஜாதி இழிவை ஒழிக்கும் கடனில், ‘என் பங்கைக் கொடுத்துவிட்டேன்’ என்று நம்மவர் பலர் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். தன் ஜாதிக்கு மேலுள்ளவனிடம் சமத்துவம் கேட்டதோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. கீழே தள்ளப்பட்டவனுக்குத் தரவேண்டிய பாக்கியைக் கேட்டால், அது வேறு பத்திரம் என்கின்றனர்!

அந்த இளையபெருமாள் தலைமையில் 1965-இல் மைய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழு, 1969-இல் தந்த அறிக்கையில், பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. கருவறை உரிமைக்குப் பெரியார் கிளர்ச்சி அறிவிக்க, கலைஞர் அரசு 1970 திசம்பரில் சட்டம் செய்தது. வாரிசு உரிமை ஒழிந்தது சரியே என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஆகமத்தைக் காட்டி வாயிலை அடைத்தது. 2006-இல் மீண்டும் அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், மீண்டும் வழக்கு. 2021 ஆகஸ்டு 14-ஆம் நாள், பயிற்சி பெற்ற பல்வேறு வகுப்பினர் 24 பேர் அர்ச்சகர்களாக அமர்த்தப்பட்டனர். அறநிலையத் துறையின் கோயில்களுக்கு மட்டுமே அந்தப் பட்டியல். சிதம்பரம் நடராசர் கோயில் அதில் இல்லை.