பட்டை உரித்தவர்கள் புலி எண்ணிய கதை

கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயலுக்கு 1895 முதல் தண்ணீர் கொடுப்பது முல்லைப் பெரியாறு அணை. அந்த அணை நீரைச் சுற்றியிருக்கும் காடுதான் 1978-இல் பெரியாறு புலிகள் காப்பகம் ஆனது. காப்பகம் என்று பலகை மாட்டினால் ஆள் நடமாட்டம் நின்றுவிடுமா என்ன? காட்டு இலவங்க மரத்தின் பட்டையை, அந்தப் பக்கத்து வழக்கில் வயணப் பட்டையை, திருட்டுத்தனமாக உரித்து விற்பவர்கள் வாரக்கணக்கில் உள்ளேயே தங்கினார்கள்.

அப்போது புலி எண்ணுவது வனத்துறையின் வேலை. ஒடிசாவின் எஸ்.ஆர். சௌத்ரி 1966-இல் வகுத்த முறைப்படி, மண்ணில் பதிந்த பின்னங்கால் தடத்துக்கு மேல் கண்ணாடியை வைத்து வரைந்து, பிறகு தாளுக்கு மாற்றுவார்கள். 1972-இல் நாடு முழுக்க அப்படி எண்ணியதில் 1,827 என்று வந்தது. ஈர மண்ணில் அகன்றும் காய்ந்த மண்ணில் குறுகியும் தெரிகிற தடத்தை வைத்து எண்ணிய கணக்கு அது. எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை.

1996-இல் உலக வங்கி உதவியுடன் இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டம் பெரியாறுக்கு வந்தது. அதிகாரிகள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். பட்டை உரித்த 23 பேரோடு உட்கார்ந்து பேசி, தொழிலை விட்டால் வழக்குகளையும் விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். அவர்களே பிறகு 'டைகர் டிரெயில்' நடைப்பயணத்துக்கு வழிகாட்டிகள் ஆனார்கள். ரோந்தும் பார்த்தார்கள், கணக்கெடுப்புக்கும் கைகொடுத்தார்கள். கேரள எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு ஆட்களைக் கொண்டு 'விடியல்' என்று ஒரு குழுவும் உருவானது. 2002-இல் குமுளிப் பெண்கள் 'வசந்த சேனை' அமைத்து, கூலி வாங்காமல் காட்டைச் சுற்றிவரத் தொடங்கினார்கள்.

பட்டை உரித்தவர்களுக்குக் காட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கணக்கெடுப்புப் படிவத்தைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். விடிந்ததும் இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். மிளா தெரிந்தால் எத்தனை, எவ்வளவு தூரம், திசைகாட்டியில் எத்தனை டிகிரி என்று அங்கேயே நின்று எழுத வேண்டும். எச்சம், நகக்கீறல், தடம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். ஒன்றுமே தெரியாத நாளில் பூஜ்ஜியத்தையும் எழுத வேண்டும். பட்டை தேடிக் காட்டுக்குள் போனவருக்கு வெறுங்கை நாள் வீண் நாள். ஆய்வுக்கு அதுவும் ஒரு தகவல். பயிற்சியில் கடினமான பாடம் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட இல்லை என்று தெரியவந்ததும் கண்ணாடி முறையின் மானம் போனது. 2006 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தானியங்கி கேமராக்களை வைத்து எண்ணுகிறார்கள். வரிகள் புலிக்குப் புலி வேறு. ஒரே புலிக்கும் இடது விலா வேறு, வலது விலா வேறு. அதனால் பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் கேமரா கட்ட வேண்டும். எந்தத் தடத்தில் கட்டுவது? அங்கேதான் பளியர்களைப் போன்ற காட்டுவாசிகளின் பேச்சு எடுபடுகிறது.

தேனி மாவட்டத்து மேகமலையும் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. 2022 கணக்கில் நாட்டில் சராசரியாக 3,682 புலிகள். அடுத்த எண்ணிக்கை வெளியாகும்போது பத்திரிகைக்காரர்கள் அதிகாரிகளோடும் விஞ்ஞானிகளோடும் நின்றுவிடாமல், கேமரா கட்டப் போனவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.