கொப்பரையும் தேக்சாவும்: ஆடிக் கூழும் நோன்புக் கஞ்சியும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இந்தப் பரப்பில் குழம்பும் பலகாரமும் கைமாறாத நாள் கிடையாது. கிண்ணத்தை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும் கருவாட்டுக் குழம்பு, பள்ளியில் மாற்றிக்கொள்ளும் மதியச் சோறு என அது எவர் கணக்கிலும் ஏறாத கொடுக்கல் வாங்கல். ஊரே அறிய, நாள் குறித்து நடக்கும் கொடுக்கல்கள் என்று பார்த்தால் இரண்டு முன்னே நிற்கின்றன. ஆடி ஞாயிறுகளில் மாரியம்மன் கோயிலில் வார்க்கும் கூழ் ஒன்று. ரமலான் மாலைகளில் பள்ளிவாசலில் ஊற்றும் கஞ்சி மற்றொன்று. அது கேழ்வரகு, இது பச்சரிசி. அது ஆறவைத்துக் குடிப்பது, இது ஆவி பறக்கக் குடிப்பது. சமயமும் நாள்காட்டியும் வேறு. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நிறுத்துப் பார்க்கையில், வேற்றுமையை எதிர்பார்க்கும் இடத்தில் உறவும், உறவை எதிர்பார்க்கும் இடத்தில் வேற்றுமையும் தட்டுப்படுகின்றன.

கூழின் பயணத்திலிருந்து தொடங்குவோம். கூழ் வார்ப்பது இப்பகுதி விழா நோட்டீசுகளில் சாகை வார்த்தல் என்று அச்சாகும்; அந்த நாளுக்கு முந்தைய நாளே வீடுகளில் வேலை தொடங்கிவிடும். மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, நொய்யை வேகவைத்து, துடுப்பால் கிளறி இறக்கிய கூழ், மறுநாள் வேப்பிலை செருகிய குடத்தில் தலைச்சுமையாகக் கோயிலுக்குப் போகும். அங்கே கொப்பரையில் எல்லா வீட்டுக் கூழும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒரு வீட்டுக் கூழில் புளிப்பு தூக்கல், ஒரு வீட்டில் நொய் அதிகம், இன்னொரு வீட்டில் மோர் தாராளம். கொப்பரைக்குள் போய்விட்ட பிறகு எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல எவராலும் ஆகாது.

கஞ்சியின் பயணம் இதற்கு நேர் எதிர். பள்ளிவாசலின் பின்கட்டில் தேக்சா என்னும் பெரும் பாத்திரம் அடுப்பேறுகிறது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, வசதிப்பட்டால் கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால். அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் தெருப்பிள்ளைகள் தூக்குவாளிகளோடு வரிசையில் நிற்கிறார்கள். ஓர் அகப்பையிலிருந்து இறங்கும் ஒரே ருசி நூறு வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. எந்த வீட்டுக் கஞ்சியிலும் ருசி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நோன்பு திறக்கும் மகரிப் பாங்கு ஒலிக்கும் நேரத்தில் தெரு முழுவதும் ஒரே பக்குவத்தைத்தான் குடிக்கிறது.

ஆக, கூழ் பல அடுப்புகளில் பிறந்து ஒரு பாத்திரத்தில் சேர்கிறது. கஞ்சி ஓர் அடுப்பில் பிறந்து பல பாத்திரங்களில் பிரிகிறது. திசைகள் எதிரெதிர் என்றாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: கொடுத்த கை மறைந்துவிடுகிறது. கிண்ணத்தில் வரும் குழம்புக்கு அப்படி மறைவு இல்லை. அது யார் வைத்தது, எப்படி இருந்தது, கிண்ணத்தை எதைப் போட்டுத் திருப்பித் தருவது என்ற கேள்விகள் அதோடு சேர்ந்தே வரும். கொப்பரையில் கைப்பக்குவம் கரைந்துபோவதால் அக்கேள்விகள் எழுவதில்லை. தேக்சாவில் அன்றைய கஞ்சிச் செலவை ஏற்றுக்கொண்ட குடும்பம் ஒன்று இருக்கலாம். ஆனால் தூக்கை நீட்டும் பிள்ளைக்கு அந்தப் பெயர் தேவைப்படுவதில்லை.

சமைப்பவர்களைப் பார்த்தால் இரண்டும் மீண்டும் விலகுகின்றன. கூழ் பெண்களின் வேலை. அது வீதிக்கு வரும் கணம் வரை வீட்டு அடுப்படிக்குள்ளேயே இருக்கிறது. கஞ்சி ஆண்களின் வேலை. அது வீட்டைத் தொடும் முன்பே பொதுவிடத்தில் வெந்து முடிந்துவிடுகிறது. ஒன்று வீட்டுச் சமையலை வெளியே எடுத்து வருகிறது, மற்றது வெளிச் சமையலை வீட்டுக்குள் அனுப்புகிறது. ஆடியில் வீட்டுப் பெண்களுக்கு ஒரு நாள் வேலை கூடுகிறது. ரமலானில் முப்பது மாலைகளில் ஒரு பானைச் சுமையாவது குறைகிறது, வடை சுடும் வேலை குறையாவிட்டாலும்.

இந்த விலகலுக்கு நடுவேதான் எதிர்பாராத ஓர் ஒற்றுமை: இரண்டுமே ருசி பார்க்காமல் சமைக்கப்படுபவை. அம்மனுக்குப் படைக்கும் முன் கூழை நாக்கில் வைப்பது வழக்கமில்லை. நோன்பிருந்து கஞ்சி காய்ச்சுபவர் அதை விழுங்கிப் பார்க்க வழியில்லை. அங்கே பக்தி, இங்கே விரதம். ஆனால் உப்புப் போடும் கை இரண்டிடத்திலும் கண்ணளவையும் பழக்கத்தையுமே நம்புகிறது. சமைத்தவருக்கே தெரியாத ருசியை ஊருக்குக் கொடுப்பது என்பது அன்றாடச் சமையலில் நினைத்துப் பார்க்க முடியாத துணிவு.

இரண்டின் பின்னாலும் பசித்த ஒருவர் இருக்கிறார். கூழுக்குச் சொல்லப்படும் கதையில், கணவர் ஜமதக்கினி முனிவர் இறந்தபின் தீயில் வெந்து, உடலெங்கும் கொப்புளங்களோடு, வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் வந்த, மாரியம்மனாக வணங்கப்படும் ரேணுகாதேவி சாப்பிட ஏதேனும் கேட்கிறாள். வீடுகளில் இருந்த பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் அவளுக்குக் கிடைக்கின்றன. கஞ்சிக்குப் பின்னால் உள்ள நம்பிக்கை, நோன்பாளி ஒருவரின் நோன்பைத் திறக்க உணவளிப்பவருக்கு அந்த நோன்பாளிக்கு நிகரான நன்மை உண்டு என்பது. முதலாவதில் தெய்வமே அக்கம்பக்கத்தாரிடம் கையேந்துகிறது. இரண்டாவதில் அக்கம்பக்கத்தாரின் பசியைத் தீர்ப்பதே இறைவனிடம் சேர்கிறது. அங்கே வாங்குபவர் உயர்கிறார், இங்கே கொடுப்பவர் உயர்கிறார். இரண்டிலும் உணவு கைமாறும் இடம் தெருதான்.

நாள்காட்டிகள் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஆடி சூரியனோடு கட்டுண்டது. ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்டு நடுவில் முடியும். ரமலான் பிறையோடு நகர்வது. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னேறி, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஆண்டு முழுவதையும் சுற்றி வந்துவிடும். ஆகவே இரண்டும் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை ஒரே பருவத்தில் சந்திக்கின்றன. 2011 முதல் 2014 வரை அப்படிச் சந்தித்தன. 2012-ல் ஆடி பிறந்த சில நாள்களிலேயே ரமலான் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டின் ஆடி ஞாயிறுகளில் இரண்டு சமூகமும் கலந்து வாழும் ஊர்களில் நண்பகலில் கூழும் அந்தியில் கஞ்சியுமாக ஒரே தூக்குவாளி இரு வேளை வேலை செய்திருக்கும். அடுத்த சந்திப்பு 2040-களின் நடுவில்தான். அன்று வரிசையில் நிற்கப்போகும் பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை.

தானியத்தின் கதையிலும் ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. மானாவாரி ஊர்களில் கூழ் அன்றாட உணவாகவும் அரிசிச் சோறு விசேஷ உணவாகவும் இருந்த காலம் நெடியது. 2011 ஜூன் முதல் தமிழகத்தில் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. கேழ்வரகைப் பெரும்பாலான வீடுகள் காசு கொடுத்துத்தான் வாங்குகின்றன. ஏழையின் தானியம் கடைச் சரக்காகவும், விருந்தின் தானியம் அன்றாடமாகவும் இடம் மாறிவிட்டன. கஞ்சி இந்த மாற்றத்தோடு இசைந்து போயிற்று: 2001 முதல் ரமலானுக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசே பச்சரிசி ஒதுக்குகிறது. கூழ் அதற்கு எதிராக நின்றது: வீட்டில் யாரும் அன்றாடம் குடிக்காத பிறகும், ஆடிக்கென்றே கேழ்வரகு வாங்கப்படுகிறது. கஞ்சி நிகழ்கால அரிசியால் வாழ்கிறது. கூழ் கடந்தகாலத் தானியத்தை ஆண்டுக்கொரு முறை உயிர்ப்பிக்கிறது.

இரண்டையும் ஒரே ஆண்டு சோதித்துப் பார்த்தது. 2020 ரமலான் ஏப்ரல் இறுதியில், முழு ஊரடங்குக்குள் வந்தது. அவ்வாண்டு தமிழகத்தில் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டது. ஆனால் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச முடியாததால், அரிசியையே வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க ஏற்பாடாயிற்று. மூன்று மாதம் கழித்து ஆடி வந்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிறுதோறும் தளர்வில்லாத ஊரடங்கு. சாகை வார்த்தலுக்கும் ஞாயிறே நாள். கஞ்சி தேக்சாவை இழந்து வீட்டுக்கு வீடு வேறு ருசியாயிற்று. கூழ் கொப்பரையை இழந்து அவரவர் வீட்டுப் புளிப்போடு நின்றது. எதிர்த்திசைகளில் பயணிக்கும் இரண்டும் அந்த ஆண்டு நடுவழியில் ஒரே இடத்தில், வீட்டு அடுப்பில், நின்றுபோயின. வயிறு நிறைந்திருக்கும், கொடுத்த கை மறையும் அந்த விந்தை மட்டும் நிகழவில்லை.

பகிர்தலைப் பாராட்டும்போது அதன் வேலிகளையும் அளக்கவேண்டும். கொப்பரை எல்லாக் கூழையும் கலக்கும். ஆனால் எல்லார் குடமும் அந்தக் கொப்பரை வரை போகிறதா என்பது வேறு கேள்வி. ஊருக்கு ஓர் அம்மன், காலனிக்கு ஓர் அம்மன் என்று கூழும் இரண்டாக வார்க்கும் கிராமங்கள் இங்கு உண்டு. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், பட்டியல் சாதியினர் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் செல்வது குறித்த தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. உயர் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகே 2024 மார்ச்சில் திறந்தது. பள்ளிவாசல் வரிசையில் யார் என்று கேட்பதில்லை. தெருவிலுள்ள எந்தப் பிள்ளையும் தூக்கை நீட்டலாம். ஆனால் பாயில் வரிசையாக அமர்ந்து நோன்பு திறப்போர் பெரும்பாலும் ஆண்களே. பெண்களுக்கான கஞ்சி பிள்ளைகளின் கையில்தான் வீடு வருகிறது.

இரண்டு சமூகங்களுக்கும் நடுவேயும் வேலி உண்டு, வேலியில் திட்டிவாசலும் உண்டு. தெய்வத்துக்குப் படைத்ததை உண்பதில்லை என்ற முஸ்லிம் வீடுகளை நினைத்து, படையலுக்கு முன்பே ஒரு சொம்பு கூழை எடுத்து வைக்கும் வீடுகள் இருக்கின்றன. ஆடியில் காப்புக் கட்டிக் கறி தவிர்ப்பவரோ, சைவ வீட்டுக்காரரோ கேட்பார் என்று கொத்துக்கறி சேர்க்காமல் காய்ச்சும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. முன்னதில் விலக்கி வைக்க வேண்டியது சடங்கை, பின்னதில் கறியை. விலக்கும் பொருள் வேறு. எடுத்துவைக்கும் அக்கறை ஒன்று. செஞ்சிக் கோட்டைக்குள் இராஜகிரி மலைமேல் கமலக்கண்ணி அம்மன் கோயிலும், கீழே 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாதத்துல்லா கான் மசூதியும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. மண்ணுக்கு இந்த அண்மை புதிதல்ல.

எல்லைகளைக் கடந்து சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இன்னொரு வியப்பு. யாழ்ப்பாணத்து ஆடிப்பிறப்புக் கூழில் கேழ்வரகும் மோரும் கிடையாது. அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி ஆகியவையே அதன் சேர்மானம். இனிப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் அதன் எலும்புக்கூடு விழுப்புரத்து ஆடிக் கூழைவிட விழுப்புரத்து நோன்புக் கஞ்சிக்கே நெருக்கமானது. பெயராலும் மாதத்தாலும் தங்கையாக இருப்பது பண்டத்தால் வேறு வீட்டுப் பெண்ணாகவும், வேறு சமயத்துக் கஞ்சி பண்டத்தால் உடன்பிறந்ததாகவும் இருக்கிறது. உணவைச் சமயத்தின் பெயரால் மட்டும் வகைப்படுத்துவது எவ்வளவு குறைபட்ட வகைப்பாடு என்பதற்கு இது போதும்.

ஏன் இரண்டு மரபுகளும் ஊருக்குக் கொடுக்கத் திரவத்தைத் தேர்ந்தன? மலிவு, சமைக்க எளிது, நோன்புக்கும் வெயிலுக்கும் வயிற்றுக்கு இதம் என்பவை வழக்கமான விடைகள், அவை சரியும்கூட. ஆனால் ஒன்று விடுபடுகிறது. பிரியாணியில் நல்ல துண்டு யாருக்கு விழுந்தது என்று பார்க்கலாம். இலைச் சாப்பாட்டில் முதல் பந்தி, கடைசிப் பந்தி உண்டு. கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்தும் போகும். கூழிலும் கஞ்சியிலும் நல்ல துண்டு என்று ஒன்று இல்லை. முதல் அகப்பையும் கடைசி அகப்பையும் ஏறக்குறைய ஒன்றே. எதிர்பாராமல் பத்துப்பேர் கூடினால் கூழுக்கு மோரும் கஞ்சிக்குக் கொதிநீரும் கூட்டினால் முடிந்தது. உயர்வு தாழ்வு காட்ட இடம் தராத உணவு இது. அந்தஸ்தை மிக நுணுக்கமாக உணவில் அளக்கும் சமூகம், ஊருக்குப் பொதுவில் கொடுக்கும்போது அளக்க முடியாத ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறது.

அளவைகள் திரும்பி வருவது தொட்டுக்கொள்ளும் பண்டத்தில். கூழுக்கு மோர்மிளகாயா, முருங்கைக்கீரைத் துவட்டலா, வீட்டில் நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பா? கஞ்சிக்கு உளுந்து வடையா, புதினாத் துவையலா, சமோசாவா? இவை கொப்பரையில் கலப்பதுமில்லை, தேக்சாவில் வேவதுமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு, ஒரு கை, ஒரு பெயர் உண்டு. பக்கத்து வீட்டுக்குக் கூழோடு போகும் கீரைக்கும், நண்பனின் தூக்குக்கு மேல்தட்டில் வைத்துத் தரும் இரண்டு வடைக்கும் நன்றி சொல்ல ஆள் இருக்கிறது, திருப்பித் தரவேண்டிய கடனும் இருக்கிறது. இரண்டு மரபுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபின் இந்த வேலைப் பகிர்வு தெளிவாகிறது: கொடுத்தவர் தெரியாத உணவால் ஊர் ஊராகிறது, கொடுத்தவர் தெரிந்த உணவால் நட்பு நட்பாகிறது. விழுப்புரத்தாரும் திண்டிவனத்தாரும் இரண்டையும் ஒரே தூக்குவாளியில் வாங்கப் பழகியிருக்கிறார்கள். அடித்தட்டில் கூழோ கஞ்சியோ, மேல்தட்டில் யாரோ ஒருவர் வீட்டுக் கைமணம்.