சிலுவைத் தசைநார் அறுவைக்கு முன் தொடைத் தசை வலிமை

முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்தவருக்கு மறுசீரமைப்பு அறுவை செய்வதற்கு முன்னர், தொடையின் முன்தசை எவ்வளவு வலுவுடன் இருக்கிறது, அந்தக் காலை ஊன்றி அவரால் என்னென்ன செய்ய முடிகிறது என்று அளந்து, குறையைப் பயிற்சியால் ஈடுகட்டும் நடைமுறை. பேச்சு வழக்கில் இந்தத் தசைநார் ஜவ்வு எனப்படும், மருத்துவமனைகளில் ஏ.சி.எல். என்பார்கள்.

அமைப்பு

தொடை முன்தசைக்கு நான்கு தலைகள். நான்கும் ஒன்றுகூடி முழங்கால் சில்லைப் பற்றி, அதன் கீழே தசைநாணாகி, கணைக்கால் எலும்பில் முடிகின்றன. மடங்கிய காலை நீட்டுவது, படியிறங்கும்போது உடல் எடையைத் தாங்கியபடி முழங்காலை மெல்ல மடங்கவிடுவது, குதித்து இறங்குகையில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஆகியவை இதன் வேலைகள். கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் பிடித்துக்கொள்வது முன் சிலுவைத் தசைநாரின் வேலை. இவை இரண்டுக்கும் இடையே ஒரு முரண் உண்டு. கால் ஏறக்குறைய நீண்டிருக்கும் நிலையில் முன்தசை இழுத்தால், அந்த இழுப்பே கணைக்கால் எலும்பை முன்னே நகர்த்தித் தசைநாரின் மேல் சுமை ஏற்றும். தொடைப் பின்தசை இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். இதனால் நெடுங்காலம் பின்தசைப் பயிற்சிக்குக் கிடைத்த ஆதரவு முன்தசைப் பயிற்சிக்குக் கிடைக்கவில்லை. முன்தசையின் இழுப்பு தசைநாரைக் கெடுத்துவிடும் என்ற அந்த அச்சம் மிகையானது.

வரலாறு

சிலுவைத் தசைநார்களைக் கிரேக்க மருத்துவர் கேலன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே விவரித்தார். ஆனால் அவை முழங்காலை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பது ஜெர்மானியச் சகோதரர்களான வில்ஹெல்ம் வெபர், எட்வர்ட் வெபர் இருவரும் 1836இல் வெளியிட்ட நூலில்தான் தெளிவாயிற்று. தசைநாரை அறுத்துவிட்டால் கணைக்கால் எலும்பு முன்பின்னாக இயல்புக்கு மீறி நகர்வதை அவர்கள் காட்டினார்கள்.

லியோன் நகர அறுவை மருத்துவர் அமெதே போனே 1845இல் மூட்டு நோய்கள் பற்றிய பெருநூலை எழுதினார். காயம்பட்ட கணத்தில் கேட்கும் முறிவொலி, மூட்டுக்குள் இரத்தம் கட்டுதல், கால் வேலை செய்யாமற்போதல் என்று அவர் குறித்த அடையாளங்களை இன்றும் மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்டறிகிறார்கள். மூட்டை நெடுநாள் அசையாமல் கட்டிவைப்பது கெடுதல் என்றும், இலேசான அசைவை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்றும் சொன்னவர் அவர். அடுத்து வந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. எடின்பரோவில் ஜேம்ஸ் ஸ்டார்க் 1850இல் வெளியிட்ட குறிப்பில் இரு நோயாளிகளுக்கும் கட்டுப் போட்டே சிகிச்சை நடந்தது.

மூட்டில் அடிபட்டால் தொடை மெலிவதையும் அக்காலத்து மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். பாரிஸில் சார்க்கோ 1880களில் இதையே பொருளாக்கி விரிவுரை நிகழ்த்தினார். தசை மெலிவதற்கு அது சும்மா கிடப்பது மட்டும் காரணமன்று, மூட்டிலிருந்து தண்டுவடம் வழியாகத் திரும்பும் அனிச்சை விளைவும் காரணம் என்பது அவர் கருத்து. அவர் நரம்பியலாளர், அறுவை அரங்கில் இருந்தவர்களுக்கு இது எட்டவில்லை போலும்.

அறுவை மருத்துவர்களின் கவனமெல்லாம் தசைநாரின் மேலேயே இருந்தது. லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் 1895இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் இரு சிலுவைத் தசைநார்களையும் தைத்து, 1903இல் அதை வெளியிட்டார். பிரிஸ்டலில் ஹே குரோவ்ஸ் 1917இல், தொடையின் பக்கவாட்டிலுள்ள தசையுறைப் பட்டையிலிருந்து கீற்று எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அறுந்த நாருக்குப் பதிலாகக் கோத்தார். இன்றைய மறுசீரமைப்பின் முன்னோடி இதுவே.

தொடைத் தசையை முதன்மையாக்கியது இரண்டாம் உலகப் போர். சிகாகோவின் கார்டினர் இராணுவ மருத்துவமனையில் முழங்கால் அடிபட்ட வீரர்கள் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. அங்கே பணியாற்றிய தாமஸ் டிலோர்ம், இலேசான எடையைப் பலமுறை தூக்கும் வழக்கத்தை விட்டு, கனமான எடையைச் சிலமுறை மட்டும் தூக்கச் செய்தார். பாதத்தில் மாட்டும் இரும்புச் செருப்பில் எடைத் தட்டுகள் கோக்கப்பட்டன. பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத எடையே அளவுகோல். 1945இல் இதை அவர் வெளியிட்டார்; பின்னர் அந்த எடையின் பாதி, முக்கால், முழுமை என்று மூன்று சுற்றாகச் சுருக்கினார். உடற்பயிற்சிக் கூடங்களில் இப்போது நடப்பதில் பெரும்பகுதி இதன் வழிவந்ததே.

சார்க்கோவின் கருத்துக்கு ஆய்வுச் சான்று 1965இல் கிடைத்தது. முழங்காலுக்குள் திரவத்தைச் செலுத்தினால், வலியே இல்லாவிட்டாலும் முன்தசை சுருங்க மறுப்பது தெரியவந்தது. 1984இல் வெளியான இன்னொரு ஆய்வில், தசையின் உட்பக்கத் தலையை அடக்க 20 முதல் 30 மில்லிலிட்டர் போதும் என்றும், மற்றத் தலைகளுக்கு 50 முதல் 60 தேவை என்றும் கண்டார்கள். நீர் கோத்த முழங்காலோடு எடை தூக்கச் சொல்வது அதனால்தான் பயனற்றது. முதலில் வீக்கம் வடிய வேண்டும், கால் முழுதாக நீள வேண்டும்.

அளவீடு

மாறா வேகத்தில் காலை நீட்டச் செய்து விசையைப் பதியும் கருவி 1960களின் இறுதியில் அமெரிக்காவில் வந்தது. பெரும்பாலும் நொடிக்கு 60 பாகை வேகத்தில் சோதித்து, காயம்பட்ட காலின் வலிமையை நல்ல காலின் விழுக்காடாகக் கூறுவர். காயத்துக்குப் பின் நல்ல காலும் ஓரளவு வலுவிழப்பதால், இந்த விழுக்காடு நிலைமையைச் சற்று அழகாகவே காட்டும். செயல்திறனுக்கு ஒற்றைக்கால் தாவல் சோதனைகள் நான்கு உள்ளன: ஒரு தாவல், மூன்று தொடர் தாவல், குறுக்குத் தாவல், 6 மீட்டரை நேரம் குறித்துத் தாவிக் கடத்தல். இவற்றோடு, நோயாளியின் பதில்களைக் கொண்டு முழங்கால் நிலையை மதிப்பிடும் 1982இன் லிஸ்ஹோம் மதிப்பெண், 1998இன் கூஸ் வினாநிரல் போன்றவற்றையும் சேர்ப்பதுண்டு.

அறுவைக் காலம்

காயம்பட்ட முதல் வாரத்திலேயே அறுவை செய்துகொண்டவர்களுக்கு மூட்டு இறுகிப்போவது அதிகம் என்று இண்டியானாபோலிஸைச் சேர்ந்த ஷெல்போர்ன் குழு 1991இல் காட்டியது. மூன்று வாரமாவது பொறுத்தவர்களுக்கு அந்தத் தொல்லை குறைந்தது. 2009இல் நோர்வே ஆய்வாளர்கள் எய்ட்சன், ஹோல்ம், ரிஸ்பெர்க் ஆகியோர், அறுவைக்கு முந்தைய முன்தசை வலிமை இரண்டாண்டு கழித்து முழங்கால் எப்படி இயங்கும் என்பதை முன்னுணர்த்துவதாக அறிவித்தனர். 20 விழுக்காட்டுக்கு மேல் குறையோடு அறுவை மேசையேறியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அந்தக் குறை தீரவில்லை. ஆகவே குறை 20 விழுக்காட்டுக்குக் கீழ் வரும்வரை கத்தி காத்திருக்க வேண்டும் என்றனர். அடுத்த ஆண்டு அதே குழு ஐந்து வாரப் பயிற்சித் திட்டமொன்றையும் வெளியிட்டது. அதே 2010இல் வந்த சுவீடன் ஆய்வில் 121 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு உடனே அறுவையும் மறுசாராருக்கு முதலில் பயிற்சியும் அளித்தனர்; இரண்டாண்டு முடிவில் வேறுபாடு தெரியவில்லை. பயிற்சியிலிருந்து தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தக் காலத்துக்குள் அறுவையே தேவைப்படவில்லை.

தற்போது பல நாடுகளில் அறுவைக்கு முந்தைய பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் மாறா வேகத்தில் வலிமையை அளக்கும் கருவி பெரும்பாலும் பெரிய மையங்களிலேயே உள்ளது.