தோல்வியை ஏற்காத ஆட்சி: 1940இல் பிரெஞ்சிந்தியாவின் நிலைப்பாடு

முன்னுரை

1940 ஜூன் 22இல் பிரான்சு ஜெர்மனியுடன் போர்நிறுத்த உடன்பாட்டில் கையொப்பமிட்டது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்பே தளபதி தெகோல் இலண்டன் வானொலி வழியே போரைத் தொடருமாறு அழைப்பு விடுத்திருந்தார். ஜூலை 10இல் விசி நகரில் கூடிய நாடாளுமன்றம் மார்ஷல் பெத்தேனிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தது. விசியா, தெகோலா என்னும் வினா பிரெஞ்சுக் குடியேற்றங்கள் அனைத்தின் முன்னும் நின்றது. புதுச்சேரி ஆளுநர் லூயி பொன்வேன் செப்டம்பரில் தெகோலின் சுதந்திர பிரான்சுடன் இணைவதாக அறிவித்தார். இம்முடிவை நாட்டுப்பற்றின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது பொருந்துமா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

நிலவியலும் அரசியலும்

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து பகுதிகளும் ஒன்றோடொன்று தொடர்பின்றிப் பிரித்தானிய இந்தியாவால் சூழப்பட்டிருந்தன. 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி, இங்குக் கோட்டை கட்டவோ காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கவோ பிரான்சுக்கு உரிமையில்லை. எனவே விசியின் பக்கம் நின்றிருந்தால் பிரெஞ்சிந்தியா தன்னைக் காத்துக்கொள்ள வழியிருந்திராது. 1941இல் பிரித்தானிய இந்தியாவுடன் ஏற்பட்ட சுங்க ஒன்றியமும் இச்சார்பையே உறுதிப்படுத்துகிறது.

இந்தோசீனாவின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் தலைமை ஆளுநர் தெக்கூ விசியின் பக்கம் நின்றார். அதே செப்டம்பரில் தோங்கின் பகுதிக்குள் ஜப்பானியப் படை நுழைந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து சைகோன் சென்று அலுவலகப் பணியிலும் வணிகத்திலும் ஈடுபட்டிருந்த தமிழர்கள் விசியின் ஆட்சியில் வாழ, ஊரிலிருந்த அவர்தம் உறவினர் அதற்கு எதிரான பிரான்சின் ஆட்சியில் வாழ நேர்ந்தது. தோல்வியை ஏற்பதா, மறுப்பதா என்பதை இரு இடங்களிலும் ஆளுநர்களின் மனவுறுதியோடு அண்டையில் இருந்த வல்லரசும் சேர்ந்தே முடிவு செய்தது.

முடிவுரை

பொன்வேனின் அறிவிப்பு துணிவற்றது என்பது இதன் பொருளன்று. அத்துணிவுக்கு இடமளித்த சூழலையும் கணக்கிற்கொள்ள வேண்டும் என்பதே. மேலும், அந்நியர் ஆதிக்கத்தை ஏற்க மாட்டோம் என்று அறிவித்த அதே ஆட்சி, புதுச்சேரி மக்களுக்குத் தானே அந்நிய ஆதிக்கமாகத் தொடர்ந்தது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய மக்கள் சார்பாளர் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 1940இல் பிரான்சு தனக்கெனக் கோரிய உரிமையை, 14 ஆண்டுகளுக்குப் பின் அதன் குடியேற்றத்து மக்கள் அதனிடமே கோரிப் பெற்றனர்.