மின்னாற்பகுப்பு முடியகற்றல்: பாதுகாப்பு

மின்னாற்பகுப்பு முடியகற்றல் என்பது, முடி முளைக்கும் நுண்குழிக்குள் மிக மெல்லிய ஊசியை இறக்கி, மின்சாரம் பாய்ச்சி வேரை அழிக்கும் முறை. அழகு நிலையங்களில் 'எலக்ட்ரோலிசிஸ்' என்றே வழங்குகிறது. இமை முடி உள்நோக்கி வளர்ந்து விழியை உரசும் நோய்க்காக, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் 1875-இல் இதைக் கையாண்டார். லேசருக்கு வசப்படாத நரைமுடியையும் இது நிரந்தரமாக நீக்கும்.

நேர்மின்னோட்ட முறையில், குழிக்குள் இருக்கும் உப்பும் நீரும் மின்சாரத்தால் சிதைந்து சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்கப் பயன்படும் அதே காரம்தான் வேரை அரிக்கிறது. பிரான்சின் ஹென்றி போர்டியே 1924-இல் கொண்டுவந்த முறையில் உயர் அதிர்வெண் மின்சாரத்தின் வெப்பம் வேரைச் சுடுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வது 'பிளெண்ட்'. எதுவானாலும், இது தோலுக்கு அடியில் அளந்து உண்டாக்கப்படும் சின்னஞ்சிறு புண். அந்த அளவு தப்பும்போதுதான் ஆபத்து.

ஊசி சரியான கோணத்தில் இறங்கினால் தோல் குழியாது, ரத்தம் கசியாது. மின்சாரம் பாய்ந்தபின் இடுக்கியால் தொட்டதும் முடி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிடுங்கும் வலி தெரிந்தால் வேர் சாகவில்லை என்று பொருள். ஊசி மேலாக நின்றுவிட்டாலோ, மின்சாரம் கூடினாலோ தோலின் மேற்பரப்பு வெந்து, பள்ளமோ தழும்போ விழும்.

முடி எடுத்த இடம் சில மணி நேரம் சிவந்து வீங்குவது இயல்பு. பிறகு ஊசிமுனையளவு பொருக்குகள் தோன்றித் தாமாக உதிரும், கிள்ளக் கூடாது. கருமையான தோலில் புண் ஆறிய இடம் பல மாதம் கறுத்திருக்கலாம். தழும்பு தடித்து வளரும் கெலாய்டும் கருமையான தோலில் அதிகம் வரும். ஆகவே நம் தோலுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்: முதலில் சிறு இடத்தில் செய்து, சில வாரம் பொறுத்துப் பார்ப்பதே நல்லது. ஆறும்வரை வெயில் படாமல் காக்க வேண்டும். முகத்துக்கு மஞ்சள் பூசும் பழக்கமுள்ளவர்களும் அதுவரை தவிர்க்க வேண்டும்.

தழும்பைவிடத் தொற்று பெரிய கவலை. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்கும் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. கிருமிகள் பரவக்கூடும். ஸ்பிரிட்டால் துடைப்பது கிருமிநீக்கம் ஆகாது.

மரத்துப்போகச் செய்யும் களிம்பை நிறையப் பூசி மூடிக் கட்டுவதும் ஆபத்து. லேசர் முடியகற்றலுக்காக அப்படிப் பூசிக்கொண்ட இளம்பெண்கள் இருவர் இறந்ததையடுத்து, அமெரிக்க உணவு மருந்துத் துறை 2007-இல் எச்சரிக்கை விடுத்தது.

புற்றுநோய் அச்சத்துக்கு இங்கே இடமில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எக்ஸ்ரேயால் முடி நீக்கிக்கொண்ட பெண்கள் பலருக்குப் பின்னாளில் தோல் புற்றுநோய் வந்தது உண்மை. மின்னாற்பகுப்பில் அத்தகைய கதிர்வீச்சு கிடையாது.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபிறகே முடிவெடுக்க வேண்டும். மச்சத்தில் முளைத்த முடியையும் அவர் பார்த்த பிறகே தொடலாம். பெண்ணுக்குத் தாடையில் திடீரென முடி அடர்ந்தால், சினைப்பை நீர்க்கட்டி போன்ற ஹார்மோன் கோளாறு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்; காரணம் நீங்காதவரை புதுமுடி முளைத்துக்கொண்டே இருக்கும்.

எனவே, புது ஊசியின் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.